பதினொன்றாவது பெயர்

28 டிசம்பர் 2004, செவ்வாய்

முந்தாநாள் காலைக்குப் பிறகு இன்றுதான் கொஞ்சம் உட்கார முடிந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒரு வருடமாகக் காலியாகக் கிடந்தது. இதில் எழுதுகிறேன். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கும் பயணக் குறிப்பேட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அடுப்படி அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. எலி என்று நினைத்தேன். பிறகு சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கேயோ நடந்தது என்று இட்லி ஊற்றப் போய்விட்டேன். ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வெளிப்பாளையம் தெருவில் ஆட்கள் ஓடினார்கள். "கடல் வருது, கடல் வருது" என்று கத்தினார்கள். கடல் எப்படி வரும் என்று வாசலில் நின்று ஒருவரைக் கேட்டேன். அவர் இடுப்புவரை சேறு.

இரண்டு நாளும் நாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இன்று தாழைக்குப்பம் போனேன். பதிமூன்று வருடமாக அங்கே நான்தான் கிராம சுகாதாரச் செவிலியர். குப்பத்துக்காரர்களுக்கு நர்சம்மா. துணை சுகாதார நிலையத்தில் ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. பதிவேட்டை நிரப்புவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், அதனால் அது தப்பித்தது. குழந்தைகளின் பெயரும் வயதும் வேறு யாரிடமும் முழுதாக இல்லை. வருவாய் ஆய்வாளர் என்னையே வாசிக்கச் சொன்னார். மாரியம்மன் கோவில் மேட்டில் நின்று வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்திலிருந்து யாராவது "இருக்கு" என்றோ "இல்ல" என்றோ சொன்னார்கள்.

"தினகரன், ஏழு வயசு. சுபாஷினி, மூணு வயசு பதினோரு மாசம். அம்மா பேரு வேதவல்லி, அப்பா தேசிங்கு."

யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி வாசித்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து வேதவல்லியே சொன்னாள்: "ரெண்டும் இல்ல."

பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். எடுத்து அடுத்த பெயரை வாசித்தேன்.

30 டிசம்பர், வியாழன்

குப்பத்து ஜனங்களை ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். காலையில் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி கடல் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். மண்டபம் இரண்டு நிமிடத்தில் காலியானது. வேதவல்லி மட்டும் தூணில் சாய்ந்தபடி இருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க போங்க நர்சம்மா. வரட்டும்."

இன்னொரு தடவை இழுத்தேன். அவள் எழவில்லை. கையை விட்டுவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டு தாண்டித்தான் நின்றேன்.

கடல் வரவில்லை. திரும்பி வந்தபோது என் ஊசிமருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தொறந்தே கெடந்துச்சு. ஐசு கரைஞ்சிரும்னு மூடி வச்சேன்" என்றாள்.

3 ஜனவரி 2005, திங்கள்

பிளீச்சிங் பவுடர் நான்கு மூட்டை. கழிவறைக்குக் குழி தோண்ட ஆள் கிடைக்கவில்லை. ஒருவருக்குப் பேதி. காலரா இல்லை என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். என் செருப்பு ஒன்றைக் காணோம்.

மத்தியானம் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டேன். எழுபத்தி நான்கு கோடுகள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்துகொண்டு, இப்போது ஒரு பிள்ளைகூட இல்லாமல் இருக்கும் பெண்கள் பதினோரு பேர். பதினோரு பேரையும் நான்தான் முகாமுக்கு அழைத்துப் போனேன். பதினோரு பேரும் விருப்பத்தோடு வந்தவர்கள்தான்.

11 ஜனவரி, செவ்வாய்

தேசிங்கு இன்று மண்டபத்து வாசலில் சத்தம் போட்டார். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். அன்று விசைப்படகில் ஆழ்கடலில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கரைக்கு வந்துதான் தெரிந்தது. வேதவல்லி அந்த நேரம் மீன்கூடையோடு நாகை மார்க்கெட்டில் இருந்தாள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்தது தேசிங்கின் அம்மா செங்கேணி. கிழவி பிழைத்துவிட்டாள். இடது கை எலும்பு முறிந்திருக்கிறது.

மாவுக்கட்டைப் பார்க்கக் குனிந்திருந்தேன். அவர் என்னிடம் பேசவில்லை, ஊருக்குப் பேசினார்.

"நான் கொச்சிக்குத் தொழிலுக்குப் போயிருந்தப்ப, என்னைய ஒரு வார்த்த கேக்காம போயி அறுத்துக்கிட்டு வந்தவ இவ. கேட்டா அதுக்கு ஒரு பொய்யி. இப்ப என்னா இருக்கு எனக்கு? சொல்லுங்கய்யா, என்னா இருக்கு?"

வேதவல்லி என்னைப் பார்த்தாள். செங்கேணியின் கையைத் தாங்கிய துணிக்கட்டு இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

14 ஜனவரி, வெள்ளி

பொங்கல். வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் கரும்பு வாங்கி வந்துவிட்டார். கொல்லையில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

19 ஜனவரி, புதன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். மருத்துவ அலுவலர் சுற்றறிக்கையை வாசித்தார். பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேசன் இலவசம். தஞ்சாவூரில் செய்வார்கள். விருப்பமுள்ளவர்கள் பட்டியல் சீக்கிரம் வேண்டும். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் வழி இருக்கிறது என்றார். எனக்கு அழுகை வந்தது. கூட இருந்த நர்சுகளும் அழுதார்கள்.

"கோமளா சிஸ்டர், உங்க ஏரியாவுலதான் அதிகம். பதினோரு பேரையும் ஒருத்தர் விடாம கொண்டுவந்துருங்க" என்றார்.

22 ஜனவரி, சனி

நான் வாயைத் திறக்குமுன் விஷயம் குப்பத்துக்குப் போய்விட்டது. ஒன்பது பேர் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். ஒருத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள். பத்தாவது ஆளின் புருஷன் வந்து எழுதச் சொன்னார். நான் அவளை அழைத்துவரச் சொல்லி, அவள் வாயால் கேட்ட பிறகுதான் எழுதினேன். முன்பெல்லாம் இப்படிக் கேட்டதில்லை.

வேதவல்லி வரவில்லை.

25 ஜனவரி, செவ்வாய்

நானே போனேன். செங்கேணிதான் பேசினாள். "எழுதிக்க நர்சம்மா. அவளுக்கு என்னா தெரியும்? எம்மவன் இப்புடியே இருந்தா பைத்தியம் புடிச்சிரும்."

வேதவல்லி குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அன்னைக்கும் நீங்கதான் வந்தீங்க" என்றாள். அவ்வளவுதான்.

விருப்பத்தோடு வந்தாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், 2001 மார்ச்சில் அவள் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். சுபாஷினி பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் கொச்சியிலிருந்து வந்த பிறகு பார்க்கலாம் என்றாள். அடுத்த முகாம் எப்போது வரும் என்று தெரியாது என்று நான் சொன்னேன். அது உண்மைதான்.

2 பிப்ரவரி, புதன்

எல்லோரையும் தற்காலிகக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். தார் ஷீட் கொட்டகைகள் வரிசையாக. பத்து மணிக்கே உள்ளே உட்கார முடியவில்லை. நான்கு குழந்தைகளுக்கு வேர்க்குரு, இரண்டு பேருக்குக் கண்வலி.

அடிபம்பில் வேதவல்லி தனியாக இருந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றேன். அவளே பேசினாள்.

"இவரு எங்கிட்ட பேசி முப்பது நாளுக்கு மேல ஆவுது. சோறு வச்சா திங்கிறாரு. அவுங்க அக்கா வீட்டுல வேற பொண்ணு பாக்கலாமான்னு பேசுறாங்க."

"அதுக்குத்தான் வேதா, இந்த ஆபரேசன் செஞ்சிக்கிட்டா..."

பம்பை அடிப்பதை நிறுத்தினாள். "நான் இப்ப போயி பண்ணிக்கிட்டா, செஞ்ச தப்புக்குத் தண்டம் கட்டுன மாதிரி ஆயிரும் நர்சம்மா. நான் என்னா தப்பு செஞ்சேன்? நீங்க சொன்னதத்தான் நான் அவருகிட்ட சொன்னேன். நீங்க இல்லன்னுட்டீங்க."

குடம் நிரம்பி வழிந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

5 பிப்ரவரி, சனி

இன்று விடுப்பு. இவர் கடைக்குப் போயிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

2001 மார்ச்சில் என் குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்குக்கு ஒரு ஆள் குறைந்தது. நிதியாண்டுக் கடைசி. மேற்பார்வையாளர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். வேதவல்லி அவகாசம் கேட்கவில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். ஆண் ஒன்று, பெண் ஒன்று, இதற்கு மேல் எதற்கு என்று நான் கேட்டேன். "வேணும்னு சொல்லல. அவரு வரட்டும்ங்கிறேன்" என்றாள்.

முகாமுக்கு முந்தின நாள் காலை அவள் வீட்டுக்குப் போய், "உன் வீட்டுக்காரர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணுனாரு. நான்தான் பேசுனேன். சரின்னு சொல்லிட்டாரு" என்று சொன்னேன். அவள் முகம் சட்டென்று தெளிந்துவிட்டது. "அப்புடியா? நல்லா இருக்காராமா? வேற என்னா சொன்னாரு?" என்று கேட்டாள். நல்லா இருக்காராம், பிள்ளைகளைக் கேட்டார் என்றேன். அதையும் சொன்னேன்.

போன் எதுவும் வரவில்லை.

அடுத்த மாதம் தேசிங்கு ஊருக்கு வந்தார். என்னைத் தேடிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். "நான் கொச்சியிலேர்ந்து போன் பண்ணுனதா நீங்க சொன்னீங்களாமே?" என்றார். நான் சிரித்தேன். "யார் சொன்னா? நான் எதுக்குத் தம்பி அப்படிச் சொல்லப்போறேன்?" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் வேதவல்லி குழந்தைக்குச் சொட்டு மருந்துக்கு வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குழந்தையின் எடை நான்கரை கிலோ. அது பதிவேட்டில் இருக்கிறது.

6 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "வேலை போயிருமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சொல்லணும்னு நெனைக்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன்.

9 பிப்ரவரி, புதன்

போனேன். தேசிங்கு கொட்டகை வாசலில் அறுந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். செங்கேணி உள்ளே. வேதவல்லியைத் தேடினேன். பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அவளிடம் போய், "உன் வீட்டுக்காரர்கிட்ட உண்மையச் சொல்லப்போறேன். நீ சம்மதிச்சாத்தான் சொல்வேன்" என்றேன்.

ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "எனக்காவ சொல்றீங்களா, ஒங்களுக்காவ சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்று சொன்னேன்.

"சொல்லுங்க" என்றாள்.

வாசலுக்கு வந்து தேசிங்கின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "தம்பி, வேதவல்லி ஒங்ககிட்ட பொய் சொல்லல. போன் வந்துச்சுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். போன் வரல. நீங்க வந்து கேட்டப்ப இல்லன்னதும் நான்தான். அவ வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. ஒங்களக் கேக்காம வர மாட்டேன்னு சொன்னா" என்றேன்.

அவர் கை வலையிலேயே இருந்தது. முதலில் புரியாதவர் மாதிரி இருந்தார். செங்கேணிதான் உள்ளிருந்து வந்தாள். "அடிப் பாவி" என்றாள். "ஒன்னைய நம்பி நானும்ல அவளப் போவச் சொன்னேன்." நல்ல கையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

தேசிங்கு மெதுவாகத்தான் பேசினார். "அன்னைக்கு ஒங்களக் கும்பிட்டுட்டு வந்து இவள அடிச்சேன். படிச்சவங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன். நாலு வருசமா இவ என்னா சொன்னாலும், பொய்க்காரின்னு ஒரு வார்த்த என் வாயில வந்துரும்." வலையைக் கீழே வைத்தார். "கடல் வந்த அன்னைக்குக் காலையிலகூட சொன்னேன் நர்சம்மா. படகுக்குப் போறப்ப."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலைப் பிடிக்கலாமா என்று தோன்றியது. அதுவும் எனக்காகத்தான் என்று தோன்றியது. பிடிக்கவில்லை.

வேதவல்லி கொட்டகை மூலையில் நின்றபடியே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "அழுவுறதுன்னா அவுங்கவுங்க அப்புறம் அழுவுங்க. இனிமே என்னையப் பத்தின எதுன்னாலும் எங்கிட்ட கேளுங்க. எல்லாருந்தான்."

தேசிங்கு எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தார். டிசம்பருக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லையாம்.

செங்கேணி என்னைப் போகச் சொன்னாள். போனேன்.

11 பிப்ரவரி, வெள்ளி

ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பட்டியல் வேலை முடியும்வரை வரலாம், அதன் பிறகு வேறு நர்சு வேண்டும். நியாயம்தான். மருத்துவ அலுவலரிடம் நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த நேரத்துல இது தேவையா சிஸ்டர்?" என்றார். விசாரணை வரும். எங்கேயாவது உள்நாட்டுப் பக்கம் மாற்றுவார்கள் என்று கிளார்க் சொன்னார்.

பத்துப் பெண்களுக்கும் ரத்தப் பரிசோதனை முடிந்தது. இரண்டு பேருக்கு ரத்தம் குறைவு, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி என்னிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டாள், ஆனால் பேசவில்லை. நேற்றுவரை அக்கா என்று கூப்பிடுவாள்.

18 பிப்ரவரி, வெள்ளி

வேதவல்லியிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். விண்ணப்பத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன். ஆபரேசன் எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும், எத்தனை பேருக்குப் பலிக்கும், பலிக்காமல் போகலாம் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. தேசிங்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுபா மூக்கு எப்புடி இருக்கும்னு இப்பவே மறக்குது" என்றாள். "போட்டாவெல்லாம் தண்ணியில போயிருச்சு. இன்னொரு புள்ள வந்தா சுத்தமா மறந்துருவேன். இப்ப வேணாம். எப்பவும் வேணாமான்னு எனக்குத் தெரியல. இப்ப வேணாம்."

"சரி வேதா" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

24 பிப்ரவரி, வியாழன்

மாவட்டத்திலிருந்து அதிகாரி போன் செய்தார். பட்டியலில் பத்துதானே இருக்கிறது, பதினொன்று என்று முதலில் எழுதினீர்களே என்றார். ஒருவருக்கு விருப்பமில்லை என்றேன்.

"இப்படியொரு வாய்ப்பு மறுபடி வராதும்மா. அந்தப் பொண்ணு துக்கத்துல பேசுது. புருஷன், மாமியார் எல்லாம் என்ன சொல்றாங்க? அவங்கள வச்சிப் பேசுங்க. ஒங்க அனுபவத்துக்கு ஒரு பொண்ண சம்மதிக்க வைக்க முடியாதா?"

"முடியும் சார். பேச மாட்டேன்" என்றேன்.

காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள், அதை எழுதுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

2 மார்ச், புதன்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. தலைஞாயிறு பக்கம் ஒரு கிராமம். வயல்காடு. பத்தாம் தேதிக்குள் சேரணும். விசாரணை தனியாக நடக்கும். இவர் பஸ் நேரம் விசாரித்து வைத்திருக்கிறார், போக வர மூன்று மணி நேரம்.

7 மார்ச், திங்கள்

காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. தஞ்சாவூர்வரை கூடப் போவது என் வேலை. பத்துப் பெண்கள், கூடத் துணைக்கு ஆளுக்கு ஒருவர். மாற்றுப் புடவை, தட்டு, டம்ளர், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் பார்த்தேன். ஒருத்தி சீட்டை மறந்துவிட்டு ஓடினாள். என்னிடம் பேசாமல் இருந்தவள் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு அழுதாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றால் இப்போதுகூட இறங்கலாம் என்றேன். "இல்ல, போறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வழியனுப்ப ஊரே நின்றது. வேதவல்லியும் வந்திருந்தாள். போகிறவர்களில் இரண்டு பேர் அவள் வயதுக்காரிகள், சேர்ந்து மீன் விற்றவர்கள். ஒருத்தியின் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தாள், பஸ்ஸில் வாந்தி வரும் அவளுக்கு. என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் கும்பிட்டேன். அவள் திரும்பக் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

டிரைவர் வண்டியை எடுத்தார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தேசிங்கு அவளிடம் வந்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். கையை அசைத்து, கடலைக் காட்டி, பிறகு கொட்டகைப் பக்கம் காட்டி, நிறையப் பேசினாள். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். வண்டி ரோட்டுக்குத் திரும்பும்வரை அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள்.